“வேதமா, பரிணாமமா? ஒன்றைச் சொல்லுங்கள் அப்பா”

கடிதம் நான்கு பக்கம். எழுதியவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சுயாதீன சபை ஒன்றில் நீண்ட காலமாக மூப்பர். மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்துக்குப் பிறகு இந்தச் சபைக்கு வந்தவர். ஒரே மகள். பத்தொன்பது வயது, விலங்கியல் இரண்டாம் ஆண்டு. நான்கு வருடமாக ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவந்தாள். மூன்று மாதத்துக்கு முன் ஆறு நாள் சிருஷ்டிப்புப் பாடம் வந்தது. பாடப் புத்தகத்தில், பூமிக்கு வயது ஆறாயிரம் ஆண்டு என்று ஒரு வரி. அதை அவள் வாசிக்காமல் தாண்டிவிட்டாள். ஒரு பையன் விடவில்லை. “டைனோசர் எந்த நாள்ல வந்துச்சு அக்கா?” அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மனுஷங்க வர்றதுக்கு ரொம்ப ரொம்ப காலம் முன்னாடியே அது வாழ்ந்து அழிஞ்சுபோச்சு” என்று சொல்லியிருக்கிறாள். பையன் வீட்டில் போய்ச் சொன்னான். அவன் தாய் போதகரிடம் சொன்னார். போதகர் இவரை அழைத்து, “குரங்குப் பாடத்தை விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வகுப்பை விடச் சொல்லுங்கள்” என்றார். மகள் அன்றே வகுப்பை விட்டுவிட்டாள். அன்று இரவு வீட்டில் பெரிய சண்டை. “வேதமா, பரிணாமமா? ஒன்றைச் சொல்லுங்கள் அப்பா” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் என்னிடம் கேட்பவை மூன்று. பரிணாமத்தை ஏற்கிற மெய்யான கிறிஸ்தவன் என்று ஒருவன் உண்டா? மகளை வேறு படிப்புக்கு மாற்றிவிடுவது நல்லதா? அடுத்த பருவக் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்திவைத்தால் வழிக்கு வருவாளா?

அன்புள்ள சகோதரருக்கு,

நான் குடும்ப ஆலோசகர். ஆலோசனைப் பணிக்கு வருவதற்கு முன் இறையியல் படித்தவள். உங்கள் மகள் எதை விசுவாசிக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற சில அனுமானங்கள் தவறு. அந்தத் தவறுகளின் மேல் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன் அந்த டைனோசர் பதிலை இன்னொரு முறை பாருங்கள். ஐந்து நொடியில் “ஆறாவது நாள் கண்ணு” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. போதகரின் அழைப்பும் வந்திருக்காது. பிள்ளைகளுக்கு முன்னால், தனக்குப் பொய் என்று தோன்றியதைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. அந்தக் குணம் விலங்கியல் வகுப்பில் கற்றதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் கற்றது.

முதல் கேள்விக்கு வருகிறேன். உண்டு, நிறைய உண்டு, ஆரம்பத்திலிருந்தே உண்டு. டார்வினின் நூல் 1859 நவம்பரில் வெளிவந்தது. அந்த மாதமே சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் டார்வினுக்குக் கடிதம் எழுதினார். தேவைப்படும் ஒவ்வொரு உயிரையும் தனித்தனியாகத் தலையிட்டுச் செய்கிற தேவனைவிட, தாமாகவே வளர்ந்து விரியும் வல்லமையுள்ள உயிர்களைச் செய்த தேவன் எந்த விதத்திலும் சிறியவராகத் தெரியவில்லை என்பது அதன் கருத்து. டார்வின் மகிழ்ந்துபோய், அடுத்த பதிப்பில் பெயர் சொல்லாமல் அதைச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடியவர் தாவரவியலாளர் ஏசா கிரே. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரிகோர் மெண்டல் அகஸ்தீனிய மடத்துத் துறவி. பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதுவும் பொருள்படாது என்று 1973-ல் எழுதிய தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி, அதே கட்டுரையில் தன்னைப் படைப்பில் நம்பிக்கை உள்ளவன் என்றும் சொல்லிக்கொண்டார். அவர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்துக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் காலின்ஸ், இளமையில் நாத்திகராக இருந்து இருபத்தேழு வயதில் கிறிஸ்தவரானவர். அவர் பரிணாமத்தை ஏற்கிறார். இவர்கள் எல்லாரையும் ‘மெய்யான கிறிஸ்தவர் இல்லை’ என்று ஒதுக்க உங்களால் முடியும். ஆனால் அந்தப் பட்டியலில் கடைசியாக உங்கள் மகளின் பெயரையும் எழுதவேண்டிவரும்.

டார்வின் மட்டும்? அவர் விசுவாசத்தை இழந்தார் என்பது உண்மை. பத்து வயது மகளை 1851-ல் பறிகொடுத்த துக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று பலர் கருதுகிறார்கள். ஆனாலும் 1879-ல் ஒருவர் கேட்டபோது, ஒரு மனிதன் தீவிர ஆத்திகனாகவும் பரிணாமவாதியாகவும் இருக்கமுடியும் என்பதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று அவர் பதில் எழுதினார். அவரை அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில்.

‘எப்போதும் இருந்த உபதேசம்’ எவ்வளவு பழையது?

“இரண்டாயிரம் ஆண்டாகச் சபை ஆறு நாள், ஆறாயிரம் ஆண்டு என்றுதான் போதித்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. பெரும்பாலான பழைய கிறிஸ்தவர்கள் உலகம் சில ஆயிரம் ஆண்டுப் பழையது என்றுதான் நினைத்தார்கள். வேறு விதமாக நினைக்க அவர்களிடம் ஆதாரமும் இல்லை. ஆனால் ‘நாள்’ என்பதை எல்லாரும் இருபத்துநாலு மணி நேரமாக வாசிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் நான்காம் நாள்தானே வருகின்றன, அப்படியானால் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலம் எப்படி வந்தது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற இறையியலாளர் கேட்டுவிட்டார். பிஷப் அகஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில், தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில், விதைக்குள் மரம் அடங்கியிருப்பதுபோல, பின்னால் விரியும்படி படைத்தார் என்றார். இதை வைத்து அகஸ்தீனாரைப் பரிணாமவாதி ஆக்கிவிடக்கூடாது. அது வேறு காலம், வேறு கேள்வி. அதே நூலில் அவர் ஒரு எச்சரிக்கையும் விட்டுப்போனார். வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தில், விசுவாசி வேதத்தைச் சாட்சிக்கு இழுத்து உளறினால், அந்த அவிசுவாசி நம் உயிர்த்தெழுதல் நம்பிக்கையை மட்டும் எப்படி நம்புவான் என்று கேட்கிறார். உங்கள் போதகருக்கு நான் ஒரே ஒரு பக்கம் அனுப்ப முடிந்தால் அதைத்தான் அனுப்புவேன்.

இன்றைய வடிவத்தில் உள்ள ஆறாயிரம் ஆண்டு வாதம், அதாவது பாறைப் படிவம் எல்லாம் நோவாவின் ஜலப்பிரளயத்தில் உண்டானது என்கிற வாதம், வயதில் சிறியது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் 1923-ல் அதை ஒரு பெரிய நூலாக எழுதினார். இறையியலாளர் ஜான் விட்கம், நீரியல் பொறியாளர் ஹென்றி மோரிஸ் இருவரும் 1961-ல் அதை வேறொரு நூலாக்கி, அட்வென்டிஸ்ட் அல்லாத சபைகளுக்கும் கொண்டுபோனார்கள். அங்கிருந்துதான் அது உலகெங்கும் ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குள் பரவியது. அதற்கு முன் மிகக் கண்டிப்பான சுவிசேஷச் சபைகளிலும் பலர், ஒவ்வொரு ‘நாளும்’ ஒரு நீண்ட யுகம் என்றோ, முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் எல்லையற்ற காலம் கடந்தது என்றோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1925-ல் அமெரிக்காவின் டென்னசியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஆசிரியர் ஸ்கோப்ஸ்மீது வழக்கு நடந்ததே, அதில் வேதத்துக்காக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைச் சாட்சிக் கூண்டில் கேட்டார்கள். அந்த நாட்கள் இருபத்துநாலு மணி நேர நாட்களாக இருந்தே ஆகவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. ‘அடிப்படைவாதி’ என்ற பெயர் பிறக்கக் காரணமான தொகுப்பு 1910 முதல் 1915 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. அதில் எழுதிய ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜேம்ஸ் ஓர், தேவன் உள்ளிருந்து செயல்படும் விதமாகப் பரிணாமத்தைப் பார்க்க இடம் கொடுத்தார். வேதத்தில் பிழையே இல்லை என்ற கொள்கைக்கு நவீன வடிவம் கொடுத்தவர்களில் ஒருவரான பி.பி. வார்ஃபீல்டும், பரிணாமமும் கிறிஸ்தவமும் மோதியே தீரவேண்டும் என்று கருதவில்லை.

உங்கள் தாத்தா காலத்து விசுவாசிகளுக்கு இருந்த இடம்கூட உங்கள் மகளுக்கு இன்று இல்லை.

சபைகள் எங்கெங்கே நிற்கின்றன

உங்கள் மனைவி வளர்ந்த கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் நிலைப்பாடு எழுத்தில் தெளிவாக இருக்கிறது. டார்வினின் நூலை அவர்கள் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கவே இல்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-ல், மனித உடல் ஏற்கெனவே இருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்திருக்கலாமா என்பதை அறிஞர்கள் ஆராய்வதற்குத் தடையில்லை, ஆனால் ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதினார். இரண்டாம் ஜான் பால் 1996-ல் ஒரு படி மேலே போய், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்றார். கடவுள் மந்திரக்கோல் வைத்திருக்கும் மந்திரவாதி இல்லை என்றும், படைப்பும் பரிணாமமும் முரண்படுவதில்லை என்றும் 2014-ல் பிரான்சிஸ் பேசினார். ஆக உடல் பரிணாமத்தில், ஆன்மா படைப்பில். உங்கள் மனைவி அந்தச் சண்டை இரவில் வாயே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் தனியாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களைப்போல் அவருக்கு இது இடியாக விழாமல் இருந்திருக்கலாம்.

ஆங்கிலிக்கன் சபையில் இது பெரிய சண்டையாக நீடிக்கவில்லை. 1860-ல் ஆக்ஸ்போர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸ் டார்வினைத் தாக்கிப் பேசியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே நாட்களில் அதே ஊரில் ஃபிரெடரிக் டெம்பிள் என்ற குருவானவர், இயற்கை விதிகளிலேயே தேவனுடைய விரலைப் பார்க்கவேண்டும் என்று பிரசங்கித்ததை யாரும் சொல்வதில்லை. அவர்தான் பின்னாளில் கேன்டர்பரி பேராயரானார். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் சபை, பரிணாமம்பற்றிய அறிவியல் விளக்கம் இறையியலோடு மோதவில்லை என்று 2008-ல் அறிவித்தது. லூத்தரன்களில் இரண்டு கட்சி. மிசௌரி பேரவை ஆறு நாள் என்பதில் உறுதியாக நிற்கிறது, மற்ற பெரிய லூத்தரன் சபைகள் அப்படி இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரே தீர்ப்பு கிடையாது. டோப்ஜான்ஸ்கியும் அங்கே இருந்தார், பரிணாமத்தைக் கடுமையாக எதிர்த்த துறவிகளும் அங்கே இருக்கிறார்கள். அட்வென்டிஸ்ட் சபை எதிர்த்திசையில் நடந்து, படைப்பு சமீப காலத்தில்தான், நேர்ப்பொருளில் ஆறு நாளில் நடந்தது என்று 2015-ல் தன் விசுவாச அறிக்கையை இன்னும் இறுக்கிக்கொண்டது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலோர் பரிணாமத்தை மறுக்கிறார்கள். ஆனாலும் அசெம்பிளிஸ் ஆஃப் காட் 2010-ல் வெளியிட்ட அறிக்கை, பூமியின் வயது விஷயத்தில் பக்தியுள்ள விசுவாசிகளே வெவ்வேறு கருத்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டது.

ஒரு மூப்பர் என்ற முறையில் நீங்கள் ஒருவருடைய கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். அமெரிக்கத் தென்மாநிலப் பிரஸ்பிட்டேரியன் சபையில் ஜேம்ஸ் உட்ரோ என்று ஒரு பேராசிரியர் இருந்தார். குருவானவர், வேதியியல் படித்தவர். அறிவியலும் வேதமும் எப்படிப் பொருந்தும் என்று போதகர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்றே இறையியல் கல்லூரியில் அவரை வைத்திருந்தார்கள். ஆதாமின் உடல் பரிணாமத்தால் வந்திருக்கக்கூடும் என்று அவர் 1884-ல் பேசினார். இரண்டு ஆண்டு விசாரணை, வாக்கெடுப்பு, வசை. 1886-ல் பதவி போயிற்று. ஆதாமின் உடலுக்கு மிருகப் பெற்றோர் கிடையாது என்று சபை தீர்மானமும் போட்டது. உட்ரோ சபையைவிட்டு ஓடவில்லை, அதே சபையில் குருவானவராகவே இருந்தார். அதே சபை 1969-ல், பரிணாமத்துக்கு இடமில்லாத விதத்தில் மனிதனைப் படைத்ததாக வேதமோ நம் விசுவாச அறிக்கையோ சொல்லவில்லை என்று பழைய தீர்மானத்தை மாற்றிக்கொண்டது. எண்பத்துமூன்று ஆண்டு. உட்ரோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

‘குரங்குப் பாடம்’ சொல்வது என்ன

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று பரிணாமம் சொல்வதில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஒன்று பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்கிறது. சித்தப்பா பிள்ளைக்கு நீங்கள் பிறக்கவில்லை, இருவருக்கும் தாத்தா ஒருவர். உங்கள் மகள் நோட்டில் வரைந்த மரப் படம் அதுதான். அதற்குக் கீழே ‘2’ என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள், என்னவென்று புரியவில்லை என்கிறீர்கள். என் ஊகத்தைச் சொல்கிறேன். சிம்பன்சிக்கு 24 ஜோடிக் குரோமோசோம், நமக்கு 23. நம்முடைய இரண்டாவது குரோமோசோமை உற்றுப் பார்த்தால், இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு நடுவிலே தெரிகிறது. வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்கவேண்டிய டி.என்.ஏ. வரிசை அங்கே நடுவில் கிடக்கிறது. அதைப் பாடத்தில் முதன்முறை பார்க்கிற மாணவருக்கு ஏற்படும் அதிர்ச்சியை நான் அறிவேன். “வெறும் தியரிதானே” என்று அவளிடம் சொன்னீர்களாம். அறிவியலில் தியரி என்றால் ஊகம் என்று பொருள் இல்லை. நோய்க்குக் கிருமி காரணம் என்பதும் அந்தக் கணக்கில் தியரிதான்.

‘எல்லாம் தற்செயல் என்றால் தேவன் எங்கே’ என்பது உங்கள் இன்னொரு கேள்வி. மரபணுவில் நேரும் மாற்றங்கள் உயிரின் தேவையைப் பார்த்து வருவதில்லை, அந்தப் பொருளில்தான் அவை தற்செயல். எது நிலைக்கிறது என்பது தற்செயல் இல்லை. அதற்கு மேல் விசுவாசி சொல்லக்கூடியதை நீதிமொழிகள் முன்பே சொல்லிவிட்டது: “சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்.” தேவன் இல்லை என்று பரிணாமம் நிரூபிப்பதாகச் சொல்கிற நாத்திகரும், பரிணாமம் உண்மையானால் தேவன் இல்லை என்று சொல்கிற உங்கள் போதகரும் இந்த ஒரு இடத்தில் கைகோத்து நிற்கிறார்கள். இருவருக்கும் நான் உடன்படவில்லை.

உங்கள் மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் படத்தை இன்னும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறீர்கள், “தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்” என்ற சங்கீதப் பக்கத்தில். அந்த வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கரு முட்டை ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இதயத் துடிப்பு வரும்வரை எந்த வாரம் என்ன நடக்கும் என்று மருத்துவர் உங்களுக்கு விளக்கியிருப்பார். அப்படியானால் தேவன் உருவாக்கவில்லையா என்று நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. மருத்துவர் சொன்னதும் சங்கீதக்காரன் சொன்னதும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான் என்று இருபது வருடமாக நம்பிவருகிறீர்கள். ஒன்பது மாதத்துக்குச் செய்ததை நீண்ட யுகங்களுக்கும் செய்யமுடியுமா என்பதுதான் மகளின் கேள்வி. பரிணாமத்தை ஏற்கிற சபைகள் செய்ததும் ஏறக்குறைய இதே காரியம்.

அவிழாத முடிச்சுகள்

இவ்வளவு சுலபம் என்றால் இத்தனை சபைகள் ஏன் தயங்குகின்றன என்று நீங்கள் கேட்பது நியாயம். சுலபம் இல்லை. நாட்களின் நீளம் சின்னப் பிரச்சினை. ஆதாம்தான் பெரிய பிரச்சினை.

இன்றைய மனிதருடைய மரபணு வேறுபாட்டைக் கணக்கிட்டால், நம் முன்னோர் எந்தக் காலத்திலும் இரண்டே பேராகச் சுருங்கியதாகத் தெரியவில்லை, சில ஆயிரம் பேராவது இருந்திருக்கிறார்கள். பவுலோ ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் பிரவேசித்தது என்கிறார். பரிணாமத்துக்குக் கதவு திறந்த பன்னிரண்டாம் பயஸ்கூட, ஆதி மனிதர் பலர் என்ற கருத்தை, ஆதாமின் பாவம் எல்லாருக்கும் தொடர்கிறது என்ற மூலப் பாவ உபதேசத்தோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என்று அங்கே நின்றுவிட்டார். சிலர், ஏற்கெனவே இருந்த மனிதக் கூட்டத்திலிருந்து தேவன் ஒரு ஜோடியை அழைத்து எல்லாருக்கும் பிரதிநிதியாக வைத்தார் என்கிறார்கள். ஆங்கிலிக்கன் சுவிசேஷகர் ஜான் ஸ்டாட் அந்தப் பக்கம் சாய்ந்தவர். வேறு சிலர், எபிரெயத்தில் ஆதாம் என்றாலே மனிதன்தான், அது நம் எல்லாருடைய கதை என்கிறார்கள். முதல் விளக்கம் எனக்குக் கொஞ்சம் செயற்கையாகப் படுகிறது. இரண்டாவதில் பவுலின் வாதம் தளர்ந்துபோகிறது. தேர்ந்த இறையியலாளர்கள் இன்னும் இதில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது மரணம். பாவத்துக்கு முன் மரணமே இல்லை என்றால், மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்துக் கல்லாகிப்போன உயிர்களை என்ன சொல்வது? பவுல் பேசுவது மனிதனுடைய மரணத்தைப் பற்றி, அல்லது தேவனைவிட்டுப் பிரிகிற மரணத்தைப் பற்றி என்பது ஒரு பதில். ஆதி மனிதர் முழுமையானவர்களாகப் படைக்கப்படவில்லை, பிள்ளைகளைப்போல் வளரவேண்டியவர்களாகப் படைக்கப்பட்டார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டு பிஷப் ஐரேனியு எழுதியதை வைத்துக் கீழைச் சபையினர் சிலர் பேசுகிறார்கள். ஆனால் உயிரோடிருக்கும் புழுவைக் குளவிக் குஞ்சு உள்ளிருந்து தின்கிறதே, இதை ஒரு நல்ல தேவன் திட்டமிட்டாரா என்று டார்வின் 1860-ல் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்துக்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. ஆறாயிரம் ஆண்டு என்று சொல்கிறவர்களிடமும் இல்லை. அந்தக் குளவி இன்றும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறது.

இதை உங்கள் மகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகும் என்று கேள்விப்பட்டதும் எல்லாம் தீர்ந்தது என்று அவள் நினைத்துவிடக்கூடாது.

இனி வீட்டில்

வரும் நாட்களில் ஒரு மாலை, மகளோடு உட்கார்ந்து ஆதியாகமம் முதல் இரண்டு அதிகாரங்களை வாசியுங்கள். விளக்கவுரை எதுவும் வேண்டாம். ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் முதல் அதிகாரத்தில் எது எதற்குப் பிறகு வருகிறது என்றும், மறுபக்கம் இரண்டாம் அதிகாரத்தில் எப்படி என்றும் இருவரும் எழுதுங்கள். செடி முதலா, மனிதன் முதலா? மிருகம் முதலா, மனிதன் முதலா? பிறகு முதல் அதிகாரத்தின் முதல் மூன்று நாளையும் அடுத்த மூன்று நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சத்துக்கு நேராகச் சுடர்கள், நீருக்கும் ஆகாயத்துக்கும் நேராக மீனும் பறவையும், தரைக்கு நேராக மிருகமும் மனிதனும். எழுதியவர் நாட்காட்டி எழுதினாரா, வேறு ஏதாவது செய்தாரா என்று அவளைக் கேளுங்கள். அவள் பேசும்போது திருத்தாதீர்கள். ஒரு மணி நேரம் போதும்.

போதகர் விஷயம். ஞாயிறு பள்ளியில் எது கற்பிக்கப்படவேண்டும் என்று தீர்மானிக்கச் சபைக்கு உரிமை உண்டு, அதை மகளும் ஒத்துக்கொள்ளவேண்டும். தான் நம்பாததைக் கற்பிக்க மறுக்க அவளுக்கும் உரிமை உண்டு, அதைத்தான் செய்துவிட்டு எழுந்து வந்தாள். இதில் யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. அவள் வகுப்புக்குத் திரும்ப விரும்பினால், சிருஷ்டிப்புப் பாடத்தை வேறொருவர் எடுக்கட்டும், மற்றதை இவள் எடுக்கட்டும் என்று நீங்கள் போய்ப் பேசலாம். போதகர் மறுத்தால் மறுக்கட்டும். ஆனால் ‘பரிணாமத்தை நிராகரிக்கிறேன்’ என்று அவளிடம் அவர் எழுதி வாங்கப் பார்ப்பதாகச் சொன்னீர்களே, அதற்கு உடன்படாதீர்கள். மனதில் இல்லாததை எழுதிக் கொடுத்தால் டைனோசர் கேட்ட பையனுக்குச் சொல்லாத பொய்யை உங்களுக்காகச் சொன்னதாக ஆகும். வேறு சபைக்குப் போவதும் ஒரு வழிதான், மனைவியின் பழைய திருச்சபை உட்பட. அவசரப்படவேண்டாம். கோபத்தில் மாறுகிற சபை நிலைப்பதில்லை என்பதை என் அறையில் பலமுறை பார்த்துவிட்டேன்.

படிப்பை மாற்றுவதற்கு என் பதில், வேண்டாம். வேதியியல் படித்தாலும் நிலவியல் படித்தாலும் பூமியின் வயது அவளைத் தேடி வரும். பத்தொன்பது வயதுப் பெண் என்ன படிக்கிறாள் என்பது இப்போது அவளுடைய முடிவு. என்னிடம் வருகிற இளைஞர்களில், அறிவியல் படித்ததால் விசுவாசம் போயிற்று என்று வந்தவர்கள் குறைவு. ‘இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு’ என்று வீட்டில் கழுத்தில் கத்தி வைத்ததால், தேர்ந்தெடுத்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். “ஒன்றைச் சொல்லுங்கள் அப்பா” என்று அவள் கேட்டாளே, “ஒன்றைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லையம்மா, எனக்கும் முழுசாகத் தெரியாது” என்று நீங்கள் பதில் சொல்லலாம். மூப்பர் ஒருவர் அப்படிச் சொல்வது கஷ்டம்தான்.

கட்டணம் கட்டக் கடைசித் தேதி இந்த மாதம் முடிவதற்குள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் கட்டிவிடுங்கள். கட்டிவிட்டதாக அவளிடம் சொல்லுங்கள். தாளை மடித்து உட்காருவதெல்லாம் அதற்குப் பிறகு.